உதட்டை மட்டும் அசைத்தவர்

கோவில்பட்டி பசுவந்தனை ரோட்டில் என் பூச்சிமருந்துக் கடைக்கும் சிந்தா மதாரின் ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான். பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கும் மாதங்களில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் என்னிடம் மருந்து வாங்குவார்கள். முதுகில் மாட்டி அடிக்கிற ஸ்பிரேயர் ஒழுகினால் அவரிடம் கொடுப்பார்கள். கூட்டம் அதிகமான நாட்களில் அவரே சைக்கிளில் சாமான் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்.

ஒல்லியான மனிதர். வெள்ளைத் தொப்பி, ஒழுங்காக வெட்டிய தாடி. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் கடையை அடைத்துவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். மற்ற நாட்களில் பாங்கு சத்தம் கேட்டதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே பாய் விரிப்பார். நான் அந்த நேரத்தில் என் ரேடியோவைக் குறைத்து வைப்பேன். "நல்ல தொழுகையாளி" என்று அவரைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அவருக்குக் குர்ஆன் ஓதத் தெரியாது. இது எனக்குத் தெரிய வந்தது 1998இல். அதுவரை அவர் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. மனைவிக்குத் தெரியும் என்பது அவருக்கே தெரியாது.

ஏழு வயதில் அவருடைய வாப்பா இறந்துபோனார். ஓதப்போன இடத்திலிருந்து நிறுத்தி ஒரு சைக்கிள் கடையில் விட்டார்கள். பாதி அல்ஹம்து சூராவோடு படிப்பு நின்றது. ஒரு முஸ்லிம் தொழும்போது ஒவ்வொரு தடவையும் ஓதியே ஆக வேண்டிய சூரா அது. இருபது வயதில் யாரிடமாவது கேட்டுக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தார், கூச்சமாக இருந்தது. முப்பது வயதில் கூச்சம் இன்னும் கூடிவிட்டது. வரிசையில் நிற்பார், பக்கத்தில் இருப்பவர் குனிந்தால் குனிவார், நெற்றியைத் தரையில் வைத்தால் வைப்பார், உதட்டை அசைத்துக்கொண்டே இருப்பார். ஆமீன் சொல்லும்போது மட்டும் அவர் குரல்தான் பெரிதாகக் கேட்கும். கடைக்குள் பாய் விரித்த பல நாட்களில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டு, நேரம் கழித்து ஷட்டரை ஏற்றியிருக்கிறார்.

1995 கார்த்திகையில் பசுவந்தனைக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். பிச்சையா என்பவரின் வீட்டு வாசலில் ஏழெட்டு ஸ்பிரேயர்களை வரிசையாக வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிச்சையாவுக்கு நாற்பது ஆடுகளும் மூன்று ஏக்கர் கரிசலும் உண்டு. அவருடைய மனைவி வெயிலம்மாள் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். குழந்தையின் பெயர் வள்ளிமயில். மூன்று நாளாக விடாமல் அழுகை.

"பாய் அண்ணாச்சி, பிள்ளை எதையோ பாத்துப் பயந்திருக்கு. ஒரு ஓது ஓதி ஊதுங்க."

எங்கள் பக்கத்தில் இது புதிது இல்லை. சாயங்காலத் தொழுகை முடியும் நேரத்தில் பள்ளிவாசல் வாசலில் பிள்ளைகளோடு தாய்மார்கள் நிற்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆனால் அவரிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை. சுற்றி ஆட்கள் நின்றார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு குழந்தையின் தலையில் வைத்தார். பிஸ்மில்லா என்று தொடங்கினார். தெரிந்த இரண்டு வரி முடிந்துவிட்டது. நிறுத்தினால் தெரிந்துவிடும். எதிரே பிரித்துப்போட்ட சாமான்கள் கிடந்தன. வாசர், நாசில், பிஸ்டன், வால்வு என்று அவற்றின் பெயர்களையே உதட்டுக்குள் முணுமுணுத்தார். பிறகு மூன்று தடவை ஊதினார்.

குழந்தை அவர் ஊதிய காற்றில் கண்ணைச் சிமிட்டியது, அழுகையை நிறுத்தியது, சற்று நேரத்தில் தூங்கியும் போனது.

அதோடு பேர் பரவிவிட்டது. வேம்பாரிலிருந்துகூட ஒருவர் பேரனைக் கொண்டு வந்தார். மதார் யாரிடமும் காசு வாங்கியதில்லை. காசு வாங்காததால் தப்பில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். நானும் யோக்கியன் இல்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் அப்படியே என் கடையிலும் ஏதாவது வாங்கிப் போனார்கள். நாலு பேரிடம் நானே அவரைக் கைகாட்டி விட்டிருக்கிறேன்.

1998 ஐப்பசி. நல்ல மழை பெய்து விதைப்பு முடிந்திருந்த வாரம். அவர் கடையில் எட்டுப் பேர் நின்றார்கள். நான் எடுத்துக்கொடுத்த மருந்துக்குச் சில்லறை வாங்க அங்கே போயிருந்தேன். மினிபஸ்ஸிலிருந்து பிச்சையாவும் வெயிலம்மாளும் இறங்கி வந்தார்கள். நாலரை வயது வள்ளிமயில் அப்பாவின் தோளில் கிடந்தாள். காய்ச்சல், இரண்டு தடவை வாந்தி.

"கழுத்தைத் திருப்ப மாட்டேங்குது பாய் அண்ணாச்சி" என்றாள் வெயிலம்மாள். "ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்புனோம். போற வழியில உங்ககிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் போவோம்னு இறங்குனோம்."

அவர் தலையில் கை வைத்தார், உதட்டை அசைத்தார், ஊதினார். பிச்சையா கேட்டார்: "ஆஸ்பத்திரிக்குப் போகணுமா பாய், இல்ல இதுலயே கேட்டுருமா?"

போங்கள் என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. ஆனால் எட்டுப் பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கேட்டுரும். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

நானும் அங்கேதான் நின்றேன். கழுத்தைத் திருப்பவில்லை என்ற வார்த்தை எனக்கும் உறுத்தியது. ஆனாலும் சில்லறையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் விடியும்போது பிள்ளைக்கு வலிப்பு வந்தது. கோவில்பட்டிக்குத் தூக்கி வந்து, அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் காய்ச்சல் ஏறிவிட்டது என்றார் டாக்டர். செய்தி கேட்டதும் மதார் கடையை அப்படியே போட்டுவிட்டு ரயில் ஏறினார். பதினொரு நாள், தினமும் போனார். வார்டுக்குள் போகமாட்டார். வராந்தாவில் தூணோரம் நிற்பார். மருந்து வாங்க, டீ வாங்க, ரத்தம் கொடுக்க ஆள் தேட என்று ஓடுவார். "பாய் மாதிரி ஒரு மனுசன் உண்டுமா" என்று வெயிலம்மாள் வார்டில் இருந்த எல்லோரிடமும் சொன்னாளாம். அந்தப் பேச்சு காதில் விழுந்தபோது, அங்கேயே செத்துப் போனால் நல்லது என்று தோன்றியதாகச் சொன்னார்.

உயிர் பிழைத்தது. இடது காது முழுவதும் போய்விட்டது. வலது காதில் கொஞ்சம் மிச்சம். டாக்டர் பிச்சையாவிடம், "உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா ஒரு நாள் முன்னாடி கொண்டாந்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதுன்னுதான் நினைக்கேன்" என்றார். தூணோரம் நின்ற மதாருக்கு அது கேட்டது.

பக்கத்தில் ஒரு பள்ளிவாசலில் அசர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். போய்க் கடைசி வரிசையில் நின்றார். வழக்கம்போல உதட்டை அசைக்கப் பார்த்தார், உதடு அசையவில்லை. நெற்றியைத் தரையில் வைத்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. எல்லோரும் அடுத்தடுத்து எழுந்து, குனிந்து, தொழுகையை முடித்துவிட்டார்கள். அவர் மட்டும் அப்படியே கிடந்தார். யாரோ முதுகைத் தொட்டு, "உடம்புக்கு முடியலையா பாய்?" என்று கேட்டார்கள்.

"இத்தன வருசமும் மனுசன் பாக்கான்னுதான் அண்ணாச்சி நின்னுருக்கேன்" என்று என்னிடம் சொன்னார். "படைச்சவன் பாக்கான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. ஓடி ஒளிய இடமில்ல."

வீட்டுக்கு வந்து மனைவி அவ்வாம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கட்டைச் சட்டங்களை வாங்கி வந்து வீட்டில் அவற்றில் தீக்குச்சி அடுக்கிக் கொடுக்கிறவள். கேட்டுக்கொண்டே அடுக்கினாள். ஓதத் தெரியாது என்று அவர் சொன்ன இடத்தில் மட்டும் கை நின்றது.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கல்யாணம் முடிஞ்ச மொத நோம்புலயே தெரியும். ஒரே வீட்டுக்குள்ள தொழுதா தெரியாதா?"

"பொறவு ஏன் நீ கேக்கல?"

"நீங்க கூசிப் போவீங்கன்னு கேக்கல. கேட்டிருக்கணும். அந்தப் பச்சப்பிள்ள காதுல எனக்கும் பங்கு இருக்கு."

மறுநாளிலிருந்து விடிகாலைத் தொழுகை முடிந்ததும் அவர் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தார். அவள் உம்மாவிடம் முறையாக ஓதியவள். அவள் குச்சி அடுக்க அடுக்க, அவர் அலிஃப், பே என்று தொடங்கினார். இருபத்தெட்டு எழுத்துகளும் நாக்கில் ஏற மூன்று மாதம் ஆனது. ஹா என்ற எழுத்து வரவே இல்லை. "வாயில இருந்து சொல்லுதீங்க. தொண்டையில இருந்து வரணும்" என்று அவள் திருப்பித் திருப்பிச் சொல்வாள். நாற்பத்து மூன்று வயது மனிதருக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வருவார். அவள் அடுத்த கட்டையை எடுப்பாள்.

சூராவை முழுதாக ஓதக் கற்ற பிறகு அர்த்தம் கேட்டார். அவள் வரி வரியாகச் சொன்னாள். வணங்குவது உன் ஒருவனைத்தான் என்று மனிதன் படைத்தவனிடம் சொல்கிற இடம் வந்தது. அதற்கு மேல் போக வேண்டாம் என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் அந்த இடத்தைத் தாண்டவில்லையாம். தொழுகையில் நிற்கும்போதும் அந்த வரிக்கு முன்னால் நின்று, திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்குவார். பொய் சொல்கிறோமோ என்ற பயம்.

ஓதக் கற்றுக்கொண்டதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை. பங்குனியில் ஒரு நாள், "நான் பிச்சையா வீட்டுக்குப் போய் உண்மையச் சொல்லிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றார்.

"எதுக்கு பாய்? உங்கள அவிய நல்லபடியாத்தான் நினைச்சிட்டு இருக்காவ. அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன்.

"அதுதான் தாங்க முடியல" என்றார்.

அவர் போனபோது வெயிலம்மாள் தொட்டியில் ஆடுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிச்சையா ஆட்டுக் கிடைக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தார். மதார் நின்றபடியே சொன்னார். முதல் தடவையும் ஓதவில்லை, இரண்டாம் தடவையும் ஓதவில்லை.

"அப்ப என்னதான் சொன்னீங்க?" என்று கேட்டாள் வெயிலம்மாள்.

"சாமான் பேருதான் தாயி. வாசர், நாசில்னு…"

"வாசரா?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாளியைக் கீழே வைத்தாள். "நாங்க ஆஸ்பத்திரிக்குத்தானே கிளம்புனோம். நீங்கதானே வீட்டுக்குப் போன்னு சொன்னீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை என்று பின்னால் சொன்னார். பிச்சையா வேலியை விட்டு எழுந்து வந்தார். கையை ஓங்குவார் என்று மதார் எதிர்பார்த்து நின்றார். ஆனால் பிச்சையா, "இனிமே இந்த ஊருப் பக்கம் வராதீரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அந்த நேரம் வள்ளிமயில் வாசலில் ஓர் ஆட்டுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்தாள். நடந்தது எதுவும் அவள் காதில் விழவில்லை.

செய்தி ஊர் ஊராகப் போனது. பேர் பரவிய வேகத்தைவிட இது வேகமாகப் பரவியது. அவருக்கு "வாசர் பாய்" என்று பட்டப்பெயர் விழுந்தது. "ஏலே, வாசர் பாய் கடையில கொடு" என்று ரோட்டில் நின்றே சத்தமாகச் சொல்வார்கள். எனக்குக் கோபம் வரும். அவர் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்து, என்ன வேலை என்று கேட்பார். பள்ளிவாசலிலும் சிலர் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். ஜமாத்தில் ஒருவர், மார்க்கத்துக்கே கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துவிட்டீர் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதற்கும் மதார் தலையாட்டினார். இமாம் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஓதத் தெரிஞ்ச நானே மொதல்ல டாக்டரைப் பாருங்கன்னுதான் சொல்லி அனுப்புவேன். உங்க தப்பு ஓதாதது மட்டும் இல்ல மதார்" என்றாராம். அது சரியான பேச்சு என்றார் மதார்.

அதற்குப் பிறகு அவர் தொழுத விதத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஷட்டரை இறக்குவதை விட்டுவிட்டார். ஐந்து வேளையும் தவறாது. பெரும்பாலும் பள்ளிவாசலில், வேலை நெருக்கினால் கடையின் பின்பக்கம். முன்னைவிடக் குறைவாகப் பேசினார். பிள்ளையோடு யாராவது வந்தால், "என்கிட்ட ஒண்ணும் இல்ல தாயி, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று தானே எழுந்து ஆட்டோ பிடித்துக் கொடுப்பார்.

ஒரு தடவை கோடையில் நாகலாபுரம் பக்கம் வேலைக்குப் போனபோது நானும் கூடப் போனேன். மழை பொய்த்த வருடம். ஒரு குடம் தண்ணீருக்குப் பெண்கள் இரண்டு மைல் நடந்தார்கள். லுஹர் என்ற நடுப்பகல் தொழுகை நேரம் வந்தது. வேலை கொடுத்த வீட்டுக்காரர் செண்பகராஜ் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டினார். மதார் அதை வாங்கவில்லை. "குடிக்க வைங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெடித்துக் கிடந்த கரிசல் காட்டில் இறங்கி, உலர்ந்த மண்ணில் இரண்டு கையையும் தட்டி முகத்தில் தடவினார். திரும்பவும் தட்டிக் கைகளில் தடவினார். தண்ணீர் இல்லாத இடத்தில் அதுதான் அவர்களுக்குச் சுத்தம். கருப்பு மண் தாடியில் ஒட்டியிருந்தது. அந்த வெயிலில் நின்று தொழுதார். நெற்றியைத் தரையில் வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

வரும் வழியில் கேட்டேன்: "அவ்வளவு நேரம் என்ன கேப்பீங்க பாய்?"

"அந்தப் பிள்ள பேரச் சொல்லுவேன். மத்ததுக்கு வாய் வராது. மன்னிச்சிருன்னு கேக்கவே கூச்சமா இருக்கு. ஆனா தினம் அஞ்சு தடவ கூப்பிடுதான் பாருங்க. கூப்பிடும்போது போகாம இருக்க முடியல."

2003இல் ஒரு காலை பிச்சையா என் கடைக்கு வந்தார். மருந்து வாங்க வரவில்லை. வள்ளிமயிலுக்கு ஒன்பது வயது ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் காதுக்குப் புது மெஷின் வைத்துப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். எந்தக் கட்டிடம், எந்த வாசல் என்று எதுவும் அவருக்கு நினைவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்தபடி, "பதினோரு நாளு அங்கன அலைஞ்ச ஆளு அவருதான்" என்றார். நேராகப் போய்க் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. நான் போய்ச் சொன்னேன். மதார் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கக்கூட மறந்து எழுந்து நின்றார்.

எனக்கும் திருநெல்வேலியில் வேலை இருந்தது. நால்வரும் போனோம். மெஷின் வைத்ததும் வலது காதில் கொஞ்சம் தெளிவாகக் கேட்கிறது என்றாள் பிள்ளை. இடது காதில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள்.

சாயங்காலம் திரும்பும்போது பாசஞ்சர் ரயிலை மணியாச்சியில் கிராசிங்குக்காக நிறுத்திப் போட்டார்கள். அசர் முடியும் நேரம். பிளாட்பாரத்தில் ஐந்தாறு முஸ்லிம்கள் துண்டை விரித்தார்கள். மதாரும் இறங்கிப் போனார். தாடியையும் வயதையும் பார்த்து, "பாய், நீங்க முன்னால நின்னு தொழுகை நடத்துங்க" என்று தூத்துக்குடிக்காரர் ஒருவர் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

பிச்சையா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மதாருக்கு அது தெரியும்.

"நான் முன்னால நிக்கத் தகுதி இல்லாதவன்" என்றார் மதார், எல்லோருக்கும் கேட்கும்படி. "நாப்பத்தி மூணு வயசுலதான் ஓதவே படிச்சேன். அதுக்கு முன்னாடி ஓதுத மாதிரி நடிச்சு ஒரு பிள்ளைக்குக் கெடுதல் செஞ்சிருக்கேன். வேற யாராவது நில்லுங்க."

அந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மில் வேலைக்காரர் ஒருவர் முன்னால் போய் நின்றார். மதார் ஓரத்தில் நின்றார்.

அவர்கள் பாதியில் இருக்கும்போதே எதிர் ரயில் கடந்து போனது. எங்கள் ரயிலுக்குப் பச்சை விளக்கு விழுந்தது. பிச்சையா எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் இறங்கி, ரயிலின் கடைசியில் இருந்த கார்டு பெட்டியை நோக்கி ஓடினார். "சார், சார், ரெண்டு நிமிசம்! எங்க ஆளு ஒருத்தரு தொழுதுட்டு இருக்காவ!" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. கார்டு கொடியை இறக்கி வைத்தார்.

தொழுகை முடிந்து மதார் ஏறி உட்கார்ந்தார். பிச்சையாவும் மூச்சு வாங்க வந்து எதிரில் உட்கார்ந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. வள்ளிமயில் காது மெஷினைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடம்பூரில் பிச்சையா ஜன்னல் வழியாக நாலு போளி வாங்கினார். மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவதை மதாரின் மடியில் வைத்துவிட்டு, "சூடா இருக்கு, தின்னும்" என்றார்.

மதார் அதைக் கையில் எடுத்தார். கோவில்பட்டி வருவதற்குள் தின்று முடித்தார். ஆனால் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார்.